ஒரே தோல்வியில் முடிந்துவிடும் சீசன்: காலேஜ் ஃபுட்பால் டீமை ஜூனிலிருந்து நடத்துவது எப்படி

காலேஜ் டீமுக்கு நீங்கள் கேப்டன் ஆகியிருக்கிறீர்கள், இல்லையென்றால் பி.டி. சார் கூப்பிட்டு "இந்த வருஷம் டீமை நீதாம்ல பாத்துக்கிடணும்" என்று பந்துப் பையைக் கையில் கொடுத்துவிட்டார். பையைத் திறந்து பந்தை எண்ணுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக் கல்லூரிகளுக்குள் நடக்கும் இன்டர்-காலேஜ்தான் நமக்குப் பெரிய போட்டி, அது பெரும்பாலும் நாக்-அவுட். முதல் மேட்சில் தோற்றால் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடலாம். ஜூனிலிருந்து காலை ஐந்தரை மணிக்கு எழுந்து ஓடியதெல்லாம் ஒரு மணி நேரச் சொச்சத்தில் முடிந்துபோகும். நான் ஆடிய மூன்று வருஷத்தில் இரண்டு வருஷம் அப்படித்தான் முடிந்தது, மூன்றாவது வருஷம் செமி வரை போனோம். அந்த வருஷம் எங்களிடம் முன்னைவிடப் பெரிய ஆட்டக்காரர்கள் யாரும் இல்லை. வேறு ஒன்று செய்திருந்தோம்: அந்த ஒரு போட்டியை நம்பி உட்காராமல், ஜூனிலிருந்து மார்ச் வரைக்கும் எங்களுக்கென்று ஒரு சீசனை நாங்களே உண்டாக்கிக்கொண்டோம். அதை எப்படிச் செய்வது என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, ஒரு நீள நோட்டு வாங்குவது. முதல் பக்கத்தில் பத்து மாதத்தையும் கட்டம் போட்டு எழுதி, எந்தெந்த நாளில் ஆட முடியாது என்பதை முதலில் அடித்துவிடுங்கள். நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர் பரீட்சை, நடுவில் இன்டர்னல் தேர்வுகள். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இவ்வளவுதான் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள், நம் ஊர்க் கணக்கு வேறே இருக்கிறது. டீமில் 22 பேர் இருந்தால் பாதிப் பேர் சுற்றுப்பட்டு கிராமத்துப் பையன்கள். ஊரில் கோயில் கொடை என்றால் மூன்று நாள் பையன் வரமாட்டான், வா என்று கூப்பிடவும் கூடாது. பாளையங்கோட்டை தசரா இருக்கிறது, நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் இருக்கிறது. குலசேகரன்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டு விரதம் இருக்கிற பையன்கள் எப்படியும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடுகிறவன் தனி. மேலப்பாளையத்துப் பையன்களுக்கு ரமலான் நோன்பு, அது ஒவ்வொரு வருஷமும் பத்துப் பதினோரு நாள் முன்னால் வரும்.

இதை ஜூன் மாதமே ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து கேட்டு எழுதிவிடுங்கள். மாலை விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆட்ட விதிப்படி கழுத்தில், கையில், காதில் எந்த அணிகலனும் இருக்கக்கூடாது, டேப் சுற்றி மறைத்தாலும் ரெஃப்ரி உள்ளே விடமாட்டார். மாலை போட்ட பையனிடம் மேட்ச் அன்றைக்கு மைதானத்து ஓரத்தில் வைத்து "கழற்று" என்று சொல்வது அவன் மனதை உடைக்கிற காரியம். அவன் எப்போது மாலை போடுவான், அந்த நாட்களில் ஆடுவானா, இல்லை கரையில் இருந்து டீமுக்கு வேறு வேலை பார்ப்பானா என்பதை முன்கூட்டியே அவனே முடிவு செய்யட்டும். நோன்பு நாளில் பயிற்சியைக் காலை வெயிலில் வைக்காமல், நோன்பு திறந்து கொஞ்சம் சாப்பிட்டபின் லேசாக வைத்துக்கொள்ளலாம். இது சலுகை காட்டுவது இல்லை. 22 பேரும் ஒரே டீம் என்ற எண்ணம் இங்கேதான் தொடங்குகிறது.

அடுத்து ஆள் எடுப்பது. ட்ரயலை ஒரே நாளில் வைத்து முடிக்காதீர்கள், மூன்று சாயங்காலம் வையுங்கள். முதல் நாள் எல்லாப் பையன்களும் பயத்தில் பந்தைத் தூக்கி அடிப்பார்கள். இரண்டாம் நாள் ஐந்துக்கு ஐந்து என்று சின்னக் களத்தில் விட்டுப் பாருங்கள், அப்போது யார் தலையைத் தூக்கிப் பார்த்து பாஸ் கொடுக்கிறான் என்று தெரியும். ஸ்கூலில் வாங்கிய சர்டிபிகேட் கட்டை மட்டும் பார்த்து ஆள் எடுத்தால் நல்ல ஆட்டக்காரர்களை இழப்பீர்கள். எங்கள் இரண்டாம் வருஷத்தில் உவரிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான், சர்டிபிகேட் ஒன்றும் கிடையாது, ஷூவும் கிடையாது. கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஆடி வளர்ந்தவன். யாரோ கொடுத்த பூட்ஸை மாட்டிக்கொண்டு முதல் அரைமணி நேரம் பந்தைத் தொடவே தடுமாறினான், எல்லாரும் அவனை விட்டுவிட்டார்கள். அப்புறம் பூட்ஸைக் கழற்றி கோல் போஸ்ட் ஓரத்தில் ஜோடியாக வைத்துவிட்டு வந்து நின்றான். அந்தக் கட்டாந்தரையில் அவன் இடது காலில் பந்தை நிறுத்திய விதத்தைப் பார்த்ததும் சார் ஒன்றும் பேசாமல் தாளில் அவன் பெயரை எழுதினார். பூட்ஸில் பழக அவனுக்கு ஆறு வாரம் ஆனது. மணலில் ஆடியவன் காலில் இருக்கிற பலமும் நிதானமும் வேறு யாருக்கும் வராது, அதனால் கடற்கரை ஊர்ப் பையன்களுக்கு எப்போதும் கூடுதலாக இரண்டு வாரம் கொடுங்கள்.

இப்போது காகித வேலை. இதை நிறையப் பேர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள், நாங்களும் ஒரு வருஷம் அப்படி எடுத்துக்கொண்டு அழுதோம். எலிஜிபிலிட்டி ஃபார்மில் (போட்டியில் ஆடத் தகுதி உண்டு என்று காட்டும் தாள்) பெயர், பிறந்த தேதி, சேர்ந்த வருஷம் எல்லாம் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருப்பது போலவே இருக்க வேண்டும். நம் ஆட்களுக்கு இனிஷியல்தான் பெரிய தொல்லை. ஸ்கூலில் அப்பா பெயர் எழுத்து மட்டும் இருக்கும், ஆதாரில் ஊர்ப் பெயரோ தாத்தா பெயரோ சேர்ந்து இரண்டு எழுத்தாகிவிடும், காலேஜ் ஐ.டி. கார்டில் மூன்றாவது விதமாக இருக்கும். எங்கள் கோலியின் ஃபார்மில் இனிஷியல் இப்படி மாறிப்போய், மேட்ச் அன்று காலையில் அவனை ஆட அனுமதிக்கவில்லை. ஸ்டாப்பர் (நடுவில் நின்று தடுப்பவர்) ஆடுகிற பையனுக்கு கிளவுஸ் மாட்டி கோலில் நிறுத்தினோம், 2-1 என்று தோற்றோம். ஆட்டம் முழுக்க எங்கள் கோலி ஜெர்சி போட்டபடியே கோலுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, "வலது பக்கம் தள்ளி நில்லு, வலது பக்கம்" என்று அந்தப் பையனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தான். அது அவனுடைய கடைசி வருஷம். ஆகவே ஜூலை மாதமே எல்லாருடைய மார்க் ஷீட், ஐ.டி. கார்டு, ஃபீஸ் ரசீது, நான்கு போட்டோ வாங்கி ஒரே ஃபைலில் போட்டு, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பல்கலைக்கழக அணிக்கு வயது வரம்பு 25 என்பதால் பி.ஜி. படிக்கிற அண்ணன்மாரின் பிறந்த தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது போட்டிக்குப் போன நாளை வருகையாகக் கணக்கிடுவது) விஷயமும் இதே ஃபைலில்தான். 75 சதவீத வருகைப்பதிவு இல்லையென்றால் பரீட்சைக்கே சிக்கல். போட்டிக்குப் போன நாளுக்கு ஓ.டி. கிடைக்கும், ஆனால் அது தானாக வந்து ஏறாது. போட்டி முடிந்த மறுநாளே லெட்டர் எழுதி பி.டி. சார் கையெழுத்து வாங்கி, ஒவ்வொரு டிபார்ட்மென்டுக்கும் நீங்களே நடந்து போய்க் கொடுங்கள். ஒரு மாதம் கழித்துக் கொடுக்கலாம் என்று வைத்தால் அதற்குள் பதிவு மூடிவிடும். ஃபார்வர்டு ஆடுகிற பையனுக்கு அரியர் இரண்டு விழுந்தால் அவன் அப்பா அடுத்த வருஷம் கிரவுண்டுக்கே விடமாட்டார், அதையும் நாம் யோசிக்க வேண்டும்.

சர்டிபிகேட் பற்றி ஜூனியர்களிடம் தெளிவாகச் சொல்லுங்கள். தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குக் காட்டுகிற சர்டிபிகேட்டுகளில் படிவம் 3 என்பது பல்கலைக்கழக அணிக்காகப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவர்களுக்கானது, காலேஜுக்குள் ஆடியதற்குக் கிடைப்பது இல்லை. அதனால் இன்டர்-காலேஜில் நம் டீம் முதல் மேட்சிலேயே தோற்றாலும், நன்றாக ஆடியவனைப் பல்கலைக்கழகத் தேர்வுக்கு அனுப்பியே ஆக வேண்டும். அங்கே தேர்வானால் தென்மண்டலப் போட்டி, அதில் முதல் நான்கு இடத்துக்குள் வந்தால் அகில இந்தியப் போட்டி. டீம் தோற்ற துக்கத்தில் தேர்வுத் தேதியை மறந்துபோன பையன்களை எனக்குத் தெரியும்.

கிரவுண்டு விஷயத்துக்கு வருவோம், இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்கு ஆசை தீராது. பாளையில் வ.உ.சி. மைதானமும் அண்ணா விளையாட்டரங்கமும் இருந்தாலும் தினசரிப் பயிற்சி நம் காலேஜ் கிரவுண்டில்தான். அது பெரும்பாலும் செம்மண் கட்டாந்தரை, நடுநடுவே சரளைக் கல். வாரம் ஒரு நாள், பயிற்சிக்கு முன்னால், எல்லாரும் ஒரு கோல் லைனில் தோளோடு தோள் வரிசையாக நின்று, எதிர் கோல் வரை மெதுவாக நடந்து கல் பொறுக்குங்கள். கேப்டனும் குனிய வேண்டும், சீனியரும் குனிய வேண்டும். மழை பெய்து பத்து நாள் ஆனால் நெருஞ்சி படர்ந்துவிடும். அதன் முள் பந்தைக் குத்தும், விழுந்தவன் உள்ளங்கையையும் குத்தும், பூப்பூக்கும் முன்பே வேரோடு பிடுங்கிவிட வேண்டும். மஞ்சள் பூ வந்த பிறகு பிடுங்கினால் முள் அங்கேயே உதிர்ந்து அடுத்த வருஷத்துக்கும் கிடக்கும். பெண்கள் டீமும் அதே கிரவுண்டில் ஆடுகிறது என்றால் நேரத்தை வாரத் தொடக்கத்திலேயே பிரித்து எழுதி ஒட்டுங்கள். வெளிச்சம் இருக்கிற நல்ல நேரம் முழுவதையும் பையன்கள் எடுத்துக்கொண்டு, இருட்டுகிற நேரத்தை அவர்களுக்குத் தள்ளுவது நியாயம் இல்லை. அவர்களும் கடைசி பஸ்ஸைப் பிடித்துத்தான் ஊருக்குப் போக வேண்டும்.

கோடு போடுவதற்கு ஒரு சுலபமான வழி சொல்கிறேன். நல்ல நைலான் கயிறு ஒன்றை எடுத்து, ஒரு நுனியிலிருந்து அளந்து 5.5 மீட்டர், 9.15 மீட்டர், 11 மீட்டர், 16.5 மீட்டர் என்று நான்கு இடத்தில் முடிச்சுப் போட்டு, ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு கலர் துணி கட்டுங்கள். கோல் ஏரியா, நடு வட்டம், பெனால்டி புள்ளி, பெனால்டி ஏரியா நான்குக்கும் இந்த ஒரே கயிறு போதும். மூலை நேராக வர வேண்டும் என்றால் ஒரு பக்கம் 3 மீட்டர், மறு பக்கம் 4 மீட்டர் அளந்து குச்சி நட்டு, இரண்டு குச்சிக்கும் நடுவே சரியாக 5 மீட்டர் வருகிற மாதிரி நகர்த்துங்கள், கொத்தனார் மூலைமட்டம் பார்க்கிற அதே கணக்குதான். கோட்டுக்குக் கோலமாவு போதும். நீற்றாத சுண்ணாம்பைத் தூவாதீர்கள், வியர்வையில் பட்டால் தோல் வெந்துவிடும், கண்ணில் விழுந்தால் பார்வைக்கே ஆபத்து. கோல் போஸ்ட் உள்ளளவு 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம் இருக்கிறதா என்று ஒருமுறை அளந்து பாருங்கள். மண் ஏறி ஏறி கோல் குள்ளமாகிப் போயிருக்கும், அதில் பழகிய கோலி வெளியே போனால் தலைக்கு மேல் வருகிற பந்தில் ஏமாறுவான்.

பந்து 5-ஆம் நம்பர். கட்டாந்தரைக்கு நிவியா ஸ்டார்ம் மாதிரி தேயாத பந்து நான்கு, மேட்சுக்கென்று நல்ல பந்து இரண்டு, இது இருந்தால் ஒரு சீசன் ஓட்டலாம். விதிப்படி காற்றழுத்தம் 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. வரை இருக்கலாம். நம் தரையில் ஒன்பதுக்குப் பக்கத்தில் வைத்தால்தான் பந்து தலைக்கு மேல் துள்ளாமல் காலுக்கு அடங்கும். காற்றடிக்கிற ஊசியைத் தண்ணீரில் நனைத்துவிட்டுச் செருகுங்கள், காய்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிடும். ஷூவில் நீள ஸ்டட் (அடியில் இருக்கிற முளை) வேண்டவே வேண்டாம், கட்டாந்தரையில் அது பாதத்தையும் முழங்காலையும் கெடுக்கும். அடிப்பகுதியோடு சேர்ந்து வார்த்த குட்டை ஸ்டட் போதும். ஷின் பேடு கட்டாயம், பயிற்சியிலும் போடப் பழக்குங்கள்.

பயிற்சியில் நான் பார்த்த பெரிய தப்பு, தார் ரோட்டில் தினமும் பத்து கிலோமீட்டர் ஓடவிடுவது. ஓட்டப் பந்தயத்துக்குப் போகிற மாதிரி ஓடிவிட்டு, மேட்சில் இருபது அடி பாய்ந்து நிற்க வேண்டிய இடத்தில் தொடை பிடித்துக்கொண்டு விழுவார்கள். ஃபிஃபாவே 11+ என்று 20 நிமிட வார்ம்-அப் முறை ஒன்றைக் கொடுத்திருக்கிறது: 8 நிமிடம் மெதுவோட்டமும் அசைவுகளும், 10 நிமிடம் வயிறு, தொடை, ஒற்றைக்கால் சமநிலைப் பயிற்சி, கடைசி 2 நிமிடம் வேக ஓட்டம். காசு செலவு கிடையாது, கருவி ஒன்றும் வேண்டாம். வாரம் மூன்று நாள் இதை விடாமல் செய்தாலே தொடைப்பிடிப்பும் கணுக்கால் பிசகலும் குறைவதைக் கண்ணால் பார்ப்பீர்கள். அப்புறம் சின்னக் களத்தில் நான்குக்கு நான்கு ஆட்டம், அதில் மூச்சும் ஏறும், பாஸும் ஏறும். முழுக் கிரவுண்டில் ஆடுவது வாரத்துக்கு இரண்டு நாள் போதும்.

ஜூன், ஜூலை, ஆடி மாதக் காற்றை மறக்கக்கூடாது. செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழியிலும் புகுந்து வருகிற தென்மேற்குக் காற்று, குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுத்துவிட்டு நமக்குப் புழுதியைத்தான் கொடுக்கும். அந்த மாதங்களில் தூக்கி அடிக்கிற பந்து போன வழியே திரும்பி வரும். இதைக் குறையாக எடுக்காதீர்கள், தரையோடு பாஸ் போடப் பழக்குவதற்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. எங்கள் டீமுக்குத் தரை பாஸ் வந்தது ஆடிக் காற்றால்தான்.

பெனால்டியைப் பயிற்சி முடிவில், எல்லாரும் களைத்த பிறகு அடிக்க வையுங்கள். நாக்-அவுட்டில் டை-பிரேக்கர் (ஆட்டம் சமமாக முடிந்தால் பெனால்டி அடித்து முடிவு செய்வது) வந்தே தீரும், அப்போது யாரும் தெம்பாக இருக்கமாட்டார்கள். ஆளுக்கு ஒரே ஒரு வாய்ப்பு, மற்ற எல்லாரும் நடுக்கோட்டில் தோளில் கை போட்டு நிற்க வேண்டும், அடிக்கிறவன் அங்கிருந்து தனியாக நடந்து வர வேண்டும். அந்த நாற்பது ஐம்பது மீட்டர் நடைதான் பெனால்டியில் கஷ்டமான பகுதி, பந்தை அடிப்பது அதற்கு அப்புறம்தான். யார் எந்தப் பக்கம் அடித்தான், கோல் ஆனதா என்று நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். இரண்டு மாதத்தில் பெனால்டி அடிக்க உங்கள் ஐந்து பேர் யார் என்று நோட்டே சொல்லிவிடும், மேட்ச் அன்று யாரையும் கெஞ்ச வேண்டியிருக்காது.

சீசனை நாமே உண்டாக்குவது என்று சொன்னேன் இல்லையா, அதற்கு ஃப்ரெண்ட்லி மேட்சுகள்தான் வழி. ஜூலையிலிருந்து இன்டர்-காலேஜ் வரைக்கும் குறைந்தது எட்டு மேட்ச் ஆடிவிடுங்கள். பாளையைச் சுற்றியே காலேஜ்கள் இருக்கின்றன, அவர்களோடு ஆடுவது சுலபம், ஆனால் அதோடு நிற்காதீர்கள். நம் பல்கலைக்கழகத்துக்குள் தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டக் காலேஜ்களும் வருகின்றன, நம்மை வழக்கமாக முதல் சுற்றிலேயே அனுப்பிவைப்பது நாகர்கோவில் பக்கத்து டீம்கள்தான். தூத்தூர், இரவிபுத்தன்துறை வட்டாரத்தில் ஃபுட்பால் வீட்டுச் சாப்பாடு மாதிரி. ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) வரைக்கும் போய் ஆடிய மைக்கேல் சூசைராஜ் அந்த இரவிபுத்தன்துறைக்காரர்தான். அந்தப் பக்கத்துப் பையன்களோடு முதல் தடவையாகப் போட்டியில்தான் மோதுவேன் என்று இருந்தால், அவர்கள் வேகத்தைப் பார்த்து மலைப்பதிலேயே முதல் இருபது நிமிடம் போய்விடும். ஆகஸ்ட் மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் ஆடிவிட்டு வாருங்கள். நாங்கள் போனபோது 5-0 என்று வாங்கினோம், வரும்போது பஸ்ஸில் ஒருத்தரும் பேசவில்லை. அதே டீமோடு அக்டோபரில் போட்டியில் மோதினோம், டை-பிரேக்கரில் ஜெயித்தோம். காயல்பட்டினத்துக்கும் ஒரு தடவை போய் வாருங்கள். அங்கே மைதானத்தைச் சுற்றி நிற்கிற பெரியவர்களுக்குக்கூட ஆட்டம் அத்துப்படி, நல்ல பாஸுக்குக் கை தட்டுவார்கள். அப்படிப்பட்ட கூட்டத்துக்கு முன்னால் ஆடிய பையனுக்குப் பயம் தெளியும்.

சாப்பாடு விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். மேட்சுக்கு முந்தின ராத்திரி புரோட்டா சால்னா வேண்டாம், இட்லியோ சோறோ சாப்பிடட்டும். மேட்சுக்கு மூன்று மணி நேரத்துக்கு முன்னால் சாப்பாடு முடிந்திருக்க வேண்டும். இடைவேளைக்கு வாழைப்பழமும் கோவில்பட்டி கடலைமிட்டாயும் போதும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இந்தக் கரைசலை இரண்டு கேனில் கலந்து எடுத்துப் போங்கள், அளவை மட்டும் மாற்றாதீர்கள். பயிற்சி நாட்களில் நீர்மோர். விடியற்காலைப் பயிற்சிக்கு வெறும் வயிற்றோடு வருகிற ஹாஸ்டல் பையன்களைக் கவனியுங்கள், ஹாஸ்டலில் டிபன் எட்டு மணிக்குத்தான். இரண்டு பழமாவது பையில் இருக்கட்டும்.

அடிபட்டால் ஸ்ப்ரே அடித்து உள்ளே அனுப்பிவிடுகிற பழக்கத்தை விடுங்கள். ஸ்ப்ரே வலியை மறைக்கும், அவ்வளவுதான். சர்பத் கடையில் ஐஸ் வாங்கி பாலிதீன் பையில் போட்டு, துண்டில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள், காலை உயரத் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். தலையோடு தலை மோதி ஒருவன் ஒரு நொடி மயங்கினாலும், "என்ன ஸ்கோர்?" என்று கேட்டால் முழித்தாலும் அன்றைக்கு அவன் ஆட்டம் முடிந்தது, ஃபைனலாக இருந்தாலும் சரி. வாந்தி வந்தாலோ தலைவலி கூடினாலோ ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு உடனே கூட்டிப் போங்கள், ராத்திரி அவனைத் தனியாகப் படுக்கவிடாதீர்கள்.

மேட்ச் அன்று ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். ஏழு பேருக்குக் குறைந்தால் மேட்ச் தொடங்கவே முடியாது, பஸ்ஸை நம்பி ஆளாளுக்குத் தனியாக வரச் சொல்லாமல் எல்லாரும் வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் கூடி ஒன்றாக ஏறுங்கள். விதிமுறைத் தாளை வாங்கிப் படியுங்கள். சில போட்டிகளில் பாதி நேரம் 45 நிமிடம் இருக்காது, மாற்று ஆட்டக்காரர் கணக்கும் வேறாக இருக்கும். வெயில் எந்தப் பக்கம் சாய்கிறது, காற்று எங்கிருந்து அடிக்கிறது என்று பாருங்கள். டாஸ் ஜெயித்தால் பந்தையும் எடுக்கலாம், முதல் பாதியில் எந்தக் கோலை நோக்கி ஆடுவது என்று கோலையும் எடுக்கலாம். நான் எப்போதும் கோல்தான் எடுப்பேன், மூன்றரை மணி மேட்சில் இரண்டாம் பாதியில் சாய்கிற வெயில் எதிர் டீம் கோலியின் கண்ணில் விழட்டும் என்று. ரெஃப்ரியிடம் கேப்டனைத் தவிர ஒருத்தரும் வாயைத் திறக்கக்கூடாது. இதைப் பயிற்சி மேட்சிலேயே கறாராக வைத்திருங்கள், அன்றைக்குப் புதிதாகச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். கரையில் உட்கார்ந்திருக்கிற பையன்களுக்கும் வேலை கொடுங்கள், ஒருவன் எதிர் டீமின் கார்னரைக் கவனிக்கட்டும், ஒருவன் தண்ணீர், ஒருவன் மஞ்சள் கார்டு யாருக்கு விழுந்தது என்று எழுதட்டும், இரண்டாவது மஞ்சள் விழுந்தால் பத்துப் பேர்தான்.

மழைக்காலத்தில் பந்தைத் தோள் உயரத்திலிருந்து விட்டுப் பாருங்கள், துள்ளாமல் அப்படியே பதிந்தால் அன்றைக்கு ஆடவேண்டாம், ஆடினால் தரை குண்டும் குழியுமாகி சீசன் முழுக்கத் தொந்தரவு. கோல் வாசலில் சகதியானால் மரத்தூள் போடுங்கள். மழை நாளை வீணாக்காமல் வகுப்பறையில் உட்கார்ந்து ஆடிய மேட்சுகளைப் பேசலாம், பரீட்சைக்கும் படிக்கலாம், மேத்ஸ் பையன் காமர்ஸ் பையனுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்ததெல்லாம் எங்கள் டீமில் நடந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்த அந்த வாரத்தில் ஆட்டத்தைப் பற்றி யார் நினைக்க முடியும். அப்போது நான் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டிருந்த டீம் பையன்கள் பயிற்சிக்கு வருகிற அதே நேரத்துக்கு வந்து சோற்றுப் பொட்டலம் கட்டினார்கள், தண்ணீர் கேன் சுமந்தார்கள். யார் எதைத் தூக்குவது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இன்டர்-காலேஜில் தோற்றுவிட்டால் அந்த வாரம் கிரவுண்டைப் பூட்டிவிடாதீர்கள். மூன்றே நாள் விட்டு நான்காம் நாள் பந்தை எடுங்கள். ஜனவரியில் டிபார்ட்மென்டுகளுக்குள் ஒரு லீக் வையுங்கள், ஒரு டீமுக்கு ஏழு பேர், ஒவ்வொரு டீமும் எல்லா டீமோடும் ஆட வேண்டும், தோற்றால் வெளியே என்பது கிடையாது. ரிசர்வில் உட்கார்ந்தே வருஷத்தைக் கழித்த பையன் இங்கே பத்து மேட்ச் ஆடுவான், அடுத்த வருஷத்து டீம் இங்கேதான் உருவாகும். முதலமைச்சர் கோப்பையில் கல்லூரிப் பிரிவும் இருக்கிறது, ஆன்லைனில் பதிவு செய்கிற கடைசித் தேதியை விட்டுவிடாதீர்கள்.

மார்ச் கடைசியில் அடுத்த கேப்டனைக் கூட்டி வைத்துப் பையை ஒப்படையுங்கள். பந்துகளில் காற்றைப் பாதியாகக் குறைத்து, மண்ணைத் துடைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஜெர்சியை நம்பர் வாரியாக எண்ணி, கிழிந்தது எது என்று எழுதுங்கள். முடிச்சுப் போட்ட கயிறு, பம்பு, கார்னர் கொடி நான்கு, நீள நோட்டு எல்லாம் ஒரே பையில் போகட்டும். எந்த வாட்ச்மேன் அண்ணாச்சி கிரவுண்டு கேட்டை ஐந்து மணிக்கே திறந்துவிடுவார், எந்த டிபார்ட்மென்டில் ஓ.டி. லெட்டரை யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதைக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். காற்றடிக்கிற ஊசி மட்டும் ஐந்தாறு புதிதாக வாங்கி ஒரு மாத்திரை டப்பாவில் போட்டுக் கொடுங்கள், ஜூனில் முதலில் தேடுவது அதைத்தான்.